எலுமிச்சைப் புல் பீர்

பானுப்பிரியா முதன்முதலாகப் பார்லியை முளைகட்டியபோது, அது ஏதோ சுண்டலுக்கு என்றுதான் அவள் கணவன் மணிமாறன் நினைத்தான். நான்கு நாள் கழித்து, பால்கனியில் ஈரத்துணிக்குள் வெள்ளை வேர் விட்டிருந்த தானியத்தை ஒரு பிடி அள்ளி மென்று பார்த்தான்.

"இனிப்பா இருக்கே, என்ன இது?"

"மால்ட்."

"எதுக்கு?"

"பீருக்கு."

அவன் பால்கனிக் கதவைச் சாத்தினான். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டான். பிறகுதான் குரலைத் தணித்துக்கொண்டு, "உனக்கென்ன பைத்தியமா?" என்றான்.

குவைத்தில் மது கிடையாது. காய்ச்சினால் ஜெயில், அப்புறம் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அவர்கள் குடியிருந்த அப்பாசியாவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்டால் அதையும் சொல்வார்கள்.

பானு வில்லியனூர்க்காரி. எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் புதுச்சேரிப் பக்கம் ஒரு பீர் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஈஸ்ட் அவள் பொறுப்பு. எந்தத் தொட்டியில் எது எப்படி வளர்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களிடம் வீட்டில் "ஃபுட் கம்பெனி" என்று சொல்லிவைத்தார்கள். மணிமாறனுக்கு உண்மை தெரிந்தபோது கல்யாணமாகி இரண்டு மாதம். சிரித்தான். "ஏன், அப்பவே சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரம் சம்மதிச்சிருப்பேனே!"

குவைத்துக்கு அவள் டிபென்டன்ட் விசாவில் வந்தாள். அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. மாற்றலாம், அதற்கு அலைய வேண்டும். "பாக்கலாம் பானு" என்று மணிமாறன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஹர்ஷினி பிறந்தாள். ஏழு வருடம் ஓடிவிட்டது. ஹர்ஷினி ஸ்கூலுக்குப் போகத் தொடங்கியபிறகு, காலை ஆறரைக்கு பஸ் ஏற்றிவிட்டால் பகல் ஒன்றரை வரை அந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டில் அவளும் ஏசி சத்தமும் மட்டும்தான்.

அந்தப் பகல்களில்தான் பார்லி முளைத்தது.

கடையில் கிடைக்கிற தோல் நீக்கிய பார்லி முளைக்காது. தோலோடு வேண்டும். அதை ஆடு, ஒட்டகத் தீவனம் விற்கிற இடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் அழகுமலை. மணிமாறனின் கம்பெனியில் ஸ்டோர் ஹெல்ப்பர், பிக்கப்பும் ஓட்டுவார். மேலூர்ப் பக்கத்து ஆள், வயது நாற்பத்தெட்டு. அப்பாசியாவிலேயே நான்கு தெரு தள்ளி, கம்பெனி கேம்பில் நான்கு பேரோடு ஒரு ரூமில் இருந்தார். லிஃப்ட் ரிப்பேரான நாளில் இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறி வந்தார். ஆடும் மாடும் இல்லாத வீட்டில் இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மூன்றாவது மூட்டையை இறக்கியபோது மட்டும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "நல்ல வாடையா இருக்கு தாயி" என்றார்.

அவள் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் மடக்கென்று குடிக்கவில்லை. ஒரு வாய் வைத்து, நிறுத்தி, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"கசப்பு வருது. ஆனா நாக்கு நுனியிலேயே வந்துட்டுப் போயிருது. தொண்டைக்கிட்ட வந்து நிக்க மாட்டேங்குது. தப்பாச் சொல்லிட்டனா?"

தொழிற்சாலையில் ருசி பார்க்கவென்றே சம்பளத்துக்கு வைத்திருந்தவர்களில்கூட இரண்டு பேர்தான் அப்படிச் சொல்லக்கூடியவர்கள். பீருக்குக் கசப்பைத் தருகிற ஹாப்ஸ் குவைத்தில் கிடைக்காது. அதற்குப் பதிலாக ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியைத்தான் போட்டிருந்தாள். அவர் போனதும் நோட்டை எடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்தாள். அடுத்த தடவை ஒரு சிட்டிகை நிலவேம்புப் பொடி சேர்த்தாள். கசப்பு தொண்டைக்கு வந்து நின்றது.

மணிமாறனின் பயம் மூன்று வாரம் நீடித்தது. பிறகு ஒருநாள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலைத் திறந்து குடித்துப் பார்த்தான். இன்னொன்றைத் திறந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டான். அதற்கடுத்த மாதம் மேனேஜர் அம்மையப்பனே வந்தார். ஐம்பத்தாறு வயது, குடும்பம் திருநெல்வேலியில். குவைத்தில் இருபது வருடத் தனிக்கட்டை. ஹாலில் நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்த பானுவுக்கு எல்லாம் கேட்டது.

"எப்படிய்யா பண்ற இத? கடைச் சரக்கு மாதிரி இருக்கு!"

"கொஞ்சம் கெமிஸ்ட்ரி சார். டெம்பரேச்சர்தான் முக்கியம். ஈஸ்ட்ட நல்லாக் கொதிக்க விடணும்."

பானுவின் கையில் கரண்டி நின்றுபோனது. கொதிக்கவிட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். ஹாலில் யாருக்கும் அது தெரியவில்லை. "மணிமாறன் சரக்கு" என்று பெயர் வைத்தார்கள். அவன் மறுக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு கேட்டாள். "நான் செஞ்சதுன்னு சொன்னா என்னங்க?"

"பொண்டாட்டி சாராயம் காய்ச்சுறான்னு ஆபீஸ்ல சொல்லணுமா? உனக்காகத்தான் நான் ஏத்துக்குறேன். அது புரியலையா உனக்கு?"

புரிவது போலத்தான் இருந்தது. அதனால் அவள் மேலே பேசவில்லை.

பிப்ரவரியில் அம்மையப்பன் தாய்லாந்து போய்விட்டு வந்தார். அங்கே கடற்கரையில் ஒரு கடையில் எலுமிச்சைப் புல் போட்ட பீர் குடித்தாராம். வெயிலுக்கு அப்படி இருந்ததாம். "அது மாதிரி ஒண்ணு போடேன் மணி. இந்த சம்மருக்கு நம்ம ஆளுங்க எல்லாரும் சேர்ந்து குடிப்போம்" என்றார். அந்த வருடம் சீனியர் குவாலிட்டி இன்ஜினியர் இடம் ஒன்று காலியாக இருந்தது. மணிமாறன் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"பானு, லெமன் கிராஸ் போட்டு பீர் பண்ண முடியுமா?"

அவன் எதற்காகக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மனம் அப்போதே வேலையைத் தொடங்கிவிட்டது. இரவெல்லாம் யோசித்தாள். கொதி முடியும்போது போடலாமா, புளிக்கும்போது போடலாமா? தண்டா, இலையா?

சால்மியாவில் ஃபிலிப்பைன்காரர்களின் பக்காலா என்கிற மளிகைக்கடை ஒன்றில் எல்லாம் கிடைத்தது. எலுமிச்சைப் புல் கட்டுக்கட்டாக இருந்தது. பேரரத்தை விரல் விரலாக, ரோஜா நிறத்தில் நுனி. தாய்லாந்து எலுமிச்சையின் இலை, ஒரே காம்பில் இரண்டு இலையை ஒட்டவைத்தது போல. கிள்ளி முகர்ந்தபோது நாரத்தை இலை வாசம்தான், ஆனால் அதைவிடக் கூர்மை. கொத்தமல்லி விதை வீட்டிலேயே இருந்தது. ஈஸ்ட் மட்டும் ஊரிலிருந்து வந்தது. பழைய லேப் தோழி ஒருத்தி மசாலாப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்து அனுப்பியிருந்தாள்.

முதல் தடவை எலுமிச்சைப் புல் அதிகமாகிவிட்டது. அழகுமலை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோவிச்சுக்காத தாயி. பாத்ரூம் கழுவுற லோசன் மாதிரி இருக்கு."

பானு சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தோன்றியது. இருபது லிட்டரையும் சிங்க்கில் கொட்டினாள்.

இரண்டாவது தடவை பேரரத்தை மருந்து வாசம் அடித்தது. மூன்றாவதில் தாய்லாந்துத் துளசி போட்டுப் பார்த்தாள். வெற்றிலை மென்ற வாயில் தண்ணீர் குடித்தது போலிருந்தது. நான்காவது பரவாயில்லை. ஐந்தாவதில் ஒரே ஒரு பச்சைமிளகாயைக் கீறிப் போட்டாள். அழகுமலைக்கு அது பிடித்தது. "காரம் தெரியல, ஆனா அடுத்த வாய் குடிக்கச் சொல்லுது" என்றார். வியாழக்கிழமை சாயந்திரம் டூட்டி முடிந்ததும் வருவார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சமையலறையில் ஸ்டூலில் உட்காருவார். அரை டம்ளர் குடிப்பார். சொல்வதைச் சொல்லிவிட்டு, ரூமுக்கு இரண்டு பாட்டில் பையில் வைத்துக்கொண்டு போவார். கதைபேச அதிக நேரம் உட்கார மாட்டார். ஊரில் மனைவி கருப்பாயி இருக்கிறாள், மகளுக்கு இது ஏழாம் மாதம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

ஜூலையில் ஆறாவதைப் போட்டாள். வெளியே ஐம்பது டிகிரி. மொட்டைமாடியில் விரித்த மால்ட் ஒரே பகலில் காய்ந்தது. ஹர்ஷினியின் அறையில் ஏசியைப் பதினெட்டில் வைத்து, கேனைச் சுற்றி ஈரத் துண்டு கட்டி, பத்து நாள் புளிக்கவிட்டாள். "அம்மா, மை ரூம் ஸ்மெல்ஸ் லைக் டாம் யம் சூப்" என்றாள் ஹர்ஷினி. பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் கழித்து ஒன்றைத் திறந்தாள். வெளிறிய வைக்கோல் நிறம். நுரை மெல்லிசாக எழுந்து நின்றது. முதலில் இலையின் வாசம், பிறகு பார்லியின் மெல்லிய இனிப்பு, கடைசியில் கசப்பு. எதுவும் இன்னொன்றை மிதிக்கவில்லை. சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி அந்தப் பாட்டில் முழுவதையும் தனியாகக் குடித்தாள். இதை நான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்த களைப்பு உடம்பில் இருந்தது.

மீதி முப்பது பாட்டில்.

"முப்பதும் அப்படியே இருக்கட்டும்" என்றான் மணிமாறன். "வர்ற வெள்ளிக்கிழமை அம்மையப்பன் சார் எட்டுப் பேரைக் கூட்டிட்டு வர்றார். ஜி.எம். ஆபீஸ்ல இருந்தும் ஒருத்தர் வர்றார். ஒண்ணுகூடக் குறையக்கூடாது."

"அழகுமலை அண்ணனுக்கு ரெண்டு…"

"அவருக்கு இனிமே குடுக்காத. லேபர் கேம்ப்ல வாய் சும்மா இருக்காது. எவனாவது எங்க கிடைச்சுதுன்னு கேட்டா?"

"இவ்வளவு நாள் குடுத்தோமே?"

"இவ்வளவு நாள் வேற. இப்ப ப்ரமோஷன் விஷயம் இருக்கு. சொன்னாக் கேளு."

வியாழக்கிழமை சாயந்திரம் அழகுமலை வந்தார். அன்றைக்குச் செருப்பை விடுவதற்கு முன்பே பேசினார்.

"பேத்தி பிறந்திருக்கு தாயி! மத்தியானம் ரெண்டு மணிக்கு. தாயும் பிள்ளையும் நல்லாருக்காக. கருப்பாயி வீடியோ கால்ல காட்டுனா. இத்தினியூண்டு கை!"

"ரொம்ப சந்தோசம்ணே" என்றாள். சீனியை எடுத்து அவர் கையில் போட்டாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"ரூம்ல பயலுக விட மாட்டேங்கிறாய்ங்க. நாலு பாட்டில் குடு தாயி. இன்னிக்கு மட்டும். நம்ம புல்லு பீரு என்னாச்சு? பதம் வந்துருச்சா?"

பாட்டில்கள் பின்னாலேயே ஸ்டோர் அறையில் இருந்தன. கதவு சாத்தியிருந்தது. கணவன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அது மட்டுமில்லை. நாளைக்கு மேசைமேல் முப்பது பாட்டிலும் வரிசையாக நிற்பதை அவளும் மனதில் பார்த்துவிட்டிருந்தாள். யார் செய்தது என்று ஒருவராவது கேட்கலாம். இன்னும் இரண்டு நாள் இருந்தால் நுரை இன்னும் நன்றாக நிற்கும் என்பதும் ஓரளவு உண்மைதான்.

"இன்னும் பதம் வரலண்ணே" என்றாள். "அடுத்த வாரம் தரேன்."

"சரி தாயி. அவசரப்பட்டா கெட்டுப்போகும். அடுத்த வாரம் பாத்துக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். லிஃப்ட் வேலை செய்தது, ஆனாலும் அவர் படியில்தான் இறங்கினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்பது பேர் வந்தார்கள். ஐஸ் பெட்டியில் பாட்டில்கள் தலைகாட்டிக்கொண்டு நின்றன. அம்மையப்பன் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "யோவ்! தாய்லாந்துல குடிச்சது தண்ணிய்யா இதுக்கு முன்னால!" என்றார். ஜி.எம். ஆபீஸிலிருந்து வந்தவர், சமையலறை வாசலில் தட்டோடு நின்ற பானுவைப் பார்த்து, "மேடத்துக்கு இதுல பங்கு உண்டா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் மணிமாறன், "நெத்திலி அவங்களோடது சார், பீர் என்னோடது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான்கு மணிக்குள் முப்பது பாட்டிலில் இருபத்தாறு காலி.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மணிமாறன் வீட்டுக்கு வந்தான். அங்கே ஞாயிறு வேலைநாள்தான்; டூட்டி நேரத்தில் அவன் வந்ததே இல்லை. கதவைப் பூட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன கலந்த?"

"எதுல?"

"பீர்ல! என்ன கலந்தன்னு சொல்லு!"

வெள்ளிக்கிழமையிலிருந்து பல ஏரியாக்களில் ஆட்கள் ஆஸ்பத்திரியில் விழுந்துகொண்டிருந்தார்கள். விஷச்சாராயம். கேம்பில் அழகுமலையின் ரூமில் மூன்று பேர். ஒருவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்துப்போனான். அழகுமலை இன்னும் உயிரோடு இருக்கிறார். கண் தெரியவில்லை என்கிறார்கள்.

பானு ஸ்டோர் அறைக் கதவைப் பார்த்தாள்.

"அவருக்கு நீ குடுத்தியா? உண்மையச் சொல்லு."

"குடுக்கல."

"சத்தியமா?"

"குடுக்கலங்க."

அவன் மூச்சு விட்டான். உடனே மறுபடி முகம் மாறியது. "நாமளும் குடிச்சமே! நானு, சாரு, ஜி.எம். ஆபீஸ் ஆளு… எனக்குக் காலைல இருந்து கண்ணு மசமசன்னு இருக்கு."

"அது மெத்தனால்ங்க. ஃபேக்டரில பெயின்ட்டுக்கும் கிளீனிங்குக்கும் வச்சிருக்கிறத வாங்கிச் சரக்குன்னு விக்கிறாங்க. பார்லியில ஈஸ்ட் போட்டா அது அந்த அளவுக்கு வராது, வரவே முடியாது. நான் நாலு வருசம் அந்த வேலைதான் பாத்தேன்…"

"லெக்சர் எடுக்காத!"

அவன் ஃபோன் அடித்தது. அம்மையப்பன். அவருக்கும் தலை சுற்றுகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாட்டிக்கொள்வோம், போகாவிட்டால் செத்துவிடுவோம் என்று அழுகிற குரலில் பேசினார். "உன்ன நம்பித்தான்யா குடிச்சேன்" என்று அவர் சொன்னது பானுவுக்கும் கேட்டது. மணிமாறன் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான். பிறகு சொன்னான்.

"சார், நான் இல்ல சார். என் வைஃப்தான் பண்ணுவா. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது சார்."

ஃபோனை வைத்தபிறகு அவள் பக்கம் அவன் பார்க்கவில்லை. ஸ்டோர் அறைக்குப் போய் மிச்சமிருந்த நான்கு பாட்டிலையும் எடுத்துவந்து டாய்லெட்டில் கொட்டினான். கேனை வெட்டினான். ஈஸ்ட் பொட்டலங்களைக் கிழித்துப் போட்டான். நோட்டைத் தாள்தாளாக அடுப்பில் எரித்தான். எலுமிச்சைப் புல், இலை, பேரரத்தை எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி, கட்டடத்துக் குப்பைத் தொட்டியில் போடாமல், காரில் எடுத்துக்கொண்டு தூரமாகப் போனான். திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரின் சின்ன எழுத்துகளை ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் படித்துக்கொண்டிருந்தான்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் பானு.

"எதுக்கு?"

"அவரப் பாக்க."

"அங்க போலீஸ் நிக்குது. நீ யாரு, உனக்கும் அந்த ஆளுக்கும் என்ன பழக்கம்னு கேட்டா என்ன சொல்வ? ஹர்ஷினி ஸ்கூல் என்ன ஆகும்? ஒரு ஸ்டாம்ப் அடிச்சு மூணு பேரையும் ஏத்திவிட்டான்னா?"

"வியாழக்கிழமை வந்து கேட்டாரு. பேத்தி பிறந்திருக்குன்னு. ஸ்டோர் ரூம்ல முப்பது இருந்துச்சு. இல்லன்னு சொன்னேன்."

"நல்ல வேளை."

அவள் அவனையே பார்த்தாள். "குடுத்திருந்தா அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்க. நம்மளத குடிச்சிருப்பாரு. அவ்வளவுதான்."

மணிமாறன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணிமாறனுக்கும் அன்று வந்த ஒன்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை வாக்கில் எல்லாரும் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பானு பதினொரு நாள் போகவில்லை. முதல் மூன்று நாள் பயத்தில். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போவது என்று. பன்னிரண்டாம் நாள் ஹர்ஷினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, டாக்ஸி பிடித்தாள். பார்வையாளர் நேரம். வாசலில் போலீஸ் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் மலையாளத்தில், கடைசிக் கட்டில் என்று கை காட்டினாள்.

அழகுமலை முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்துதான் இருந்தன. டயாலிசிஸ் செய்ததில் முகம் ஊதியிருந்தது.

"அண்ணே."

அவர் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. "தாயியா? எதுக்கு இங்கிட்டு வந்த? சார் வைவாரே."

அவள் கட்டில் ஓரத்தில் நின்றாள். என்ன சாப்பிட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அடுத்த வாரம் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றார். போலீஸ் எழுதி வாங்கிக்கொண்டு போனார்களாம். யாரிடம் வாங்கியது என்று சொல்லிவிட்டாராம். "ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. பயப்படாத" என்றார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அன்னிக்கு இருந்துச்சுண்ணே."

"எது?"

"பீரு. பதம் வந்துருச்சு. முப்பது பாட்டில் உள்ளதான் இருந்துச்சு. மறுநாள் அவரோட மேனேஜர் வர்றார்னு உங்களுக்கு இல்லன்னு சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்கண்ணே."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவர் விரல்கள் போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்தன.

"இருந்துச்சா?"

"ஆமாண்ணே."

"நான் இல்லன்னு நெனச்சுல்ல வெளிய வாங்கப் போனேன். பிள்ளை உண்மையச் சொல்லுது, பதம் வரலன்னு…" அவர் நிறுத்தினார். "செத்துப்போன பயலுக்கு இருபத்தாறு வயசு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். வாடா, பேத்தி பிறந்திருக்குன்னு நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

"அண்ணே…"

"இதை ஏன் இப்ப எங்கிட்ட வந்து சொல்ற?"

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் வந்தாள். இறங்கியதோ இல்லையோ, அதை அவர் தலையில் ஏற்றிவிட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது. தெரியாமலே ஊருக்குப் போயிருக்கலாம் அவர். விதி என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

"போ தாயி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நேரமாச்சு. போ."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கொண்டுபோன ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். கண் தெரியாதவருக்கு அது அங்கே இருப்பது தெரியாது என்று டாக்ஸியில் ஏறியபிறகுதான் நினைவுக்கு வந்தது.

அக்டோபரில் மணிமாறனுக்கு சீனியர் போஸ்ட் கிடைத்தது. அம்மையப்பன் அந்த ஃபோன் பேச்சைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை; தானும் அழுததை மறக்க வேண்டியிருந்திருக்கும். மங்காஃபில் கடல் தெரிகிற ஃபிளாட்டுக்கு மாறினார்கள். குளிர் தொடங்கி, போலீஸ் ரெய்டுகள் அடங்கியபிறகு, ஒரு வியாழக்கிழமை மணிமாறன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"சார் கேக்குறாரு. அந்த லெமன் கிராஸ் ஐட்டம் மறுபடி ஒரு தடவை பண்ண முடியுமான்னு."

"மாட்டேன்."

"ஏன் பெருசு பண்ற? உன்னுதுல ஒண்ணும் இல்லன்னு நீயேதான சொன்ன? அது பார்லி, மெத்தனால் வராதுன்னு."

பானு அவன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னிக்கு நம்பலையே நீங்க."

"அன்னிக்கு இருந்த டென்ஷன்ல… இப்ப நம்புறேன்ல?"

"எனக்கு இனி அது வேண்டாம்" என்றாள். "என் விசாவை மாத்திக் குடுங்க. வேலைக்குப் போகணும்."

"பாக்கலாம்" என்றான் அவன்.

அந்த வாரமே அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்து, ஒரு தண்ணீர்ச் சோதனைக்கூடத்துக்குத் தன் சான்றிதழ்களை அனுப்பினாள். பதில் வரவில்லை. இன்னொன்றுக்கு அனுப்பினாள்.

டிசம்பரில் அழகுமலையின் ஊர் நம்பரை ஸ்டோர் ஆட்களிடம் கேட்டு வாங்கினாள். கருப்பாயிதான் எடுத்தாள். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"யாரு பேசுறது?"

"குவைத்துல இருந்து. அண்ணனோட கம்பெனி இன்ஜினியர் வீட்ல. பானு."

"தெரியலையே. அவுக சொன்னதில்லையே." கருப்பாயி கொஞ்சம் யோசித்தாள். "என்னத்தச் சொல்றது, தின்னுட்டு உக்காந்திருக்காக. பேத்தியத் தூக்கிக் குடுத்தா வாங்க மாட்டேங்கிறாக. கீழ போட்டுருவேன்கிறாக. எதுக்குய்யா போயிக் கண்டதக் குடிச்சீகன்னு கேட்டா வாயத் திறக்கிறதில்ல. ஒங்களுக்குத் தெரியுமா அங்க என்ன நடந்துச்சுன்னு?"

பானுவுக்கு ஒரு தடவை சொல்லி என்ன ஆயிற்று என்பது நினைவில் இருந்தது.

"தெரியலக்கா" என்றாள். "அண்ணன்கிட்ட கொஞ்சம் குடுக்குறீங்களா?"

ஃபோனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் கருப்பாயி ஏதோ சொன்னாள். ஆண் குரல் ஒன்று இரண்டே வார்த்தையில் பதில் சொன்னது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கருப்பாயி திரும்பி வந்தாள். "தூங்குறாக தாயி."

"சரிக்கா. இருக்கட்டும்."

அடுத்த மாதமும் கூப்பிட்டாள். குழந்தைக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருக்கிறது என்றாள் கருப்பாயி. அவர் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தார்.